இரண்டாம் இருக்கை

பிப்ரவரி 24

வந்து சேர்ந்தாயிற்று. வாசலிலேயே குமட்டியது.

ஏவுதளத்துக்குப் போகும் சாலையில், தேரிச் செம்மணலுக்கு நடுவே ஒரு மாளிகை. 'தனிமை இல்லம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாது என்று ஊர் உலகத்திலிருந்து பிரித்து வைக்கும் வீடு. இதன் மதில் முழுக்க ஆளுயர விளம்பரம். பனியன் போட்ட ஒரு மனிதர் தொப்பை தெரிய நிலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'சிகரம் பனியன். இனி விண்ணிலும் வியர்க்காது.'

அந்தத் தொப்பைக்காரர் என் பயணிகளில் ஒருவர். திருப்பூர் அவினாசியப்பன், அறுபத்தொரு வயது, பனியன் ஏற்றுமதி. மூன்றாம் இருக்கையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். முதல் இருக்கை எலேனாவுக்கு. வெளிநாட்டுக்காரி, இரண்டு முறை மேலே போய் வந்து ஓய்வு பெற்றவள், 'நெடுவான்' கம்பெனி சம்பளத்துக்கு வைத்திருக்கும் தலைவி. யாரோடும் அதிகம் பேசாமல் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாம் இருக்கை தேவசகாயத்துக்கு. விமானப்படை குரூப் கேப்டன், நாகர்கோவில்காரர், வயது நாற்பத்தொன்பது. அரசு தன் சொந்தக் கலத்தில் மனிதரை அனுப்பும் என்று பதினோரு வருஷமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார். இன்று, நாளை, அடுத்த வருஷம் என்று அது இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் வெட்கத்தை விட்டு, தனியார் கலத்தில் ஒரே ஒரு இருக்கையை வாங்கி இவரை ஏற்றுகிறார்கள். இவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இருக்கை கம்பெனிக்கே திரும்பிவிடும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அரசுத் தரப்பில் மாற்று ஆள் கிடையாது. அவருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டுமே, செலவாகுமே.

நான் டாக்டர் செண்பகவல்லி, பறப்பு மருத்துவர். பதினேழு வருஷம் அந்த அரசுத் திட்டத்தில்தான் குப்பை கொட்டினேன். இங்கேயாவது ஏதாவது மேலே கிளம்பும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தேன். அங்கே கோப்பு பறந்தது, இங்கே காசு பறக்கிறது. மூன்று பேரும் போகத் தகுதியானவர்கள் என்று கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை.

பிப்ரவரி 26

முதல் பரிசோதனை முடிந்தது.

அவினாசியப்பனின் இதயத் துடிப்பில் ஓரிடத்தில் தாளம் தப்பியிருந்தது. ஒரே ஒரு துடிப்புதான். அந்த வயசில் யாருக்கும் இருக்கும். இருந்தாலும் விடவில்லை, ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மெஷினைக் கட்டிவிட்டேன். "ஏனுங் அம்மணி, இதோட குளிக்கலாமுங்களா?" என்றார். இந்த 'அம்மணி'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குளிக்கக் கூடாது என்றேன். குளிக்கலாம்தான்.

தேவசகாயத்தின் சிறுநீரில் லேசாக ரத்த அணுக்கள். கேட்டதற்குச் சிரித்தார். "காலையில தேரியில ஓடுனேன்லா டாக்டரம்மா. மணல்ல ஓடுனா அப்படித்தான்." கடுமையாக ஓடினால் அப்படி வரும், புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் ஓடியதை நானும் மாடியிலிருந்து பார்த்தேன். வயிற்று ஸ்கேன் போன வருஷமே பெங்களூரில் எடுத்தாயிற்று. மறுபடி எடுப்பது என் விருப்பம் என்று விதியில் போட்டிருக்கிறது. பதினோரு வருஷமாக அந்த மனிதரைக் குத்தாத ஊசி இல்லை, நுழைக்காத குழாய் இல்லை. நானும் என் பங்குக்குப் படுத்த வேண்டுமா?

பிப்ரவரி 27

அவினாசியப்பனுக்கு மெஷினில் ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் கட்டியிருக்கிறேன்.

மார்ச் 1

சாப்பாட்டு மேஜையில் ஒரே கூத்து. அவினாசியப்பனுக்கு மேலே கொண்டுபோகக் கொள்ளுப் பருப்பும் ரசமும் வேண்டுமாம். கம்பெனியின் இயக்குநர் வரதன் அதற்கும் தலையாட்டுகிறார். வரதன் சென்னை ஆள், முப்பத்தெட்டு வயது, எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவார். ரசப் பொட்டலத்தின் மேல் யார் பெயர் அச்சடிப்பது என்று அரைமணி நேரம் பேசினார்கள். மனிதனை விண்வெளிக்கு அனுப்புகிற காரியம் கடைசியில் ரசப்பொடி வியாபாரத்தில் வந்து நிற்கிறது.

தேவசகாயத்துக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை. இருந்த இடம் தெரியாமல் சாப்பிட்டு எழுந்து போகிறார். சமையல்காரரிடம் அவர் கேட்டு வாங்குவது ஒன்றே ஒன்றுதான், வாழைத்தண்டு. மதியம் பொரியல், காலையில் வெறும் வயிற்றில் சாறு. இத்தனை நாடு சுற்றிய மனிதருக்கு இன்னும் நாஞ்சில் நாட்டு நாக்கு. தண்ணீரும் குடம் குடமாகக் குடிக்கிறார். உடம்பைப் பேணத் தெரிந்தவர். அவினாசியப்பன் இவரைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். அந்த ஆளோ இலையைப் பார்க்காமல் இவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 3

ராக்கெட்டில் ஒரு வால்வு கசிகிறதாம். நின்ற இடத்திலேயே அவசரமாக மாற்றினால் மார்ச் 21க்கே கிளம்பலாம். இறக்கி நிதானமாக மாற்றினால் ஏப்ரல் கடைசி. எல்லாத் துறைக்காரர்களையும் கூப்பிட்டு வரதன் கருத்துக் கேட்டார்.

கூட்டத்துக்குப் போகும்போது தேவசகாயம் நடையில் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருந்தார் என்று நினைக்கிறேன். "டாக்டரம்மா, ஒத்திவைக்கப் போறாவளா?"

"தெரியல சார். கேட்கத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"எனக்கு ஒத்திவச்சா ரத்துன்னு அர்த்தம். மூணு தடவ பாத்தாச்சு. ஏப்ரல்ம்பான், அப்புறம் டெல்லியில ஆள் மாறும், புது ஆளு இது எதுக்குன்னு கேப்பான். அடுத்த வருஷம் எனக்கு அம்பது. அதோட சரி." சொல்லிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் வரதன் என்னிடம் கேட்டபோது, "மூணு பேரும் ஃபிட். என் பக்கத்துல தள்ளிவைக்க எந்தக் காரணமும் இல்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மார்ச் 21 என்று முடிவாயிற்று. வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அந்த மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. இந்த வேலையில் சேர்ந்து இத்தனை நாளில் உருப்படியாக ஒன்று செய்த மாதிரி இருந்தது.

மார்ச் 6

விமானிக்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு பழக்கம் உண்டு. வெளியே யாருக்கும் இது புரியாது. விமானி எங்கள் அறைக்குள் வரும்போதே ஜாக்கிரதையாக வருவான். வந்தபடியே திரும்பிப் போனால் அவனுக்கு லாபம். எங்களால் அவனுக்குக் கொடுக்க முடிந்தது ஒன்றும் இல்லை, பிடுங்கத்தான் முடியும். அதனால் தலைவலியா என்றால் இல்லை, தூக்கம் வருகிறதா என்றால் நன்றாக வருகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே கேட்பதுதான் எங்கள் பிழைப்பு.

தேவசகாயம் மட்டும் என்னிடம் அப்படி இல்லை. நானும் தெற்கத்திக்காரி என்பதால் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். மகள் மருத்துவம் படிக்கிறாள், மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர், சொந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோதுகூட இவர் ஏதோ ஒரு பனிப்பிரதேசத்தில் பயிற்சியில் இருந்தார். உடம்பு எப்படி என்றால், "இரும்பு டாக்டரம்மா" என்பார். நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அவினாசியப்பன் நேர் எதிர். மூட்டு வலி, ஏப்பம், காலில் ஆணி, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தலைசுற்றியது என்று கேட்காததையெல்லாம் கொட்டுகிறார். பணக்காரனுக்கு வியாதியைச் சொல்வதிலும் பெருமை.

மார்ச் 8

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா வந்திருந்தார். வீட்டார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம், பேசுவதற்கு ஸ்பீக்கர் போன். பத்து நிமிஷமும் அவர் புருஷனிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி குடிக்கியளா? வலிக்கா?" முழங்கால் பழைய அடியாம், தேவசகாயம் அப்புறம் சொன்னார்.

சாயங்காலம் இன்னொரு கிராக்கி தனிமை இல்லத்துக்குள் வந்திறங்கியது. ஷ்ரவண். கம்பெனி நிறுவனரின் மருமகன். ஆறு வாரப் பயிற்சி எடுத்திருக்கிறான். இரண்டாம் இருக்கைக்கு 'ரிசர்வ்' என்றார் வரதன். கொழுகொழுவென்று, கையில் செல்போன் மாட்டிய குச்சியோடு நடக்கிறான். "சார், எனக்கு சான்ஸே இல்லன்னு தெரியும், சும்மா ஒரு எக்ஸ்பீரியன்ஸ்" என்று தேவசகாயத்தோடு படம் எடுத்துக்கொண்டான். பதினோரு வருஷத்துக்குப் பக்கத்தில் ஆறு வாரம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இவன் அந்த இருக்கையில் உட்காராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 10

அவினாசியப்பன் காலையிலேயே வந்து கதவைத் தட்டினார்.

"அம்மணி, எனக்கொருக்கா வயித்துல ஸ்கேன் பண்ணிப்போடுங்க."

"ஏன், வயிறு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. போறதுக்கு முன்னால எல்லாத்துக்கும் ஒருக்கா பாத்துட்டா நல்லதுங்க. எனக்கு, அந்த வெள்ளக்காரம்மாவுக்கு, கேப்டனுக்கு. மூணு பேருக்குமே."

"போன வருஷம் எடுத்ததே போதும்."

"போன வருஷம் இருந்த மாதிரியேவா இருக்கும் ஒடம்பு? மெஷின் சும்மாத்தானுங்களே இருக்குது."

கொடுத்த காசுக்கு ஸ்கேனும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறார். திருப்பூரில் துணி வாங்கினால் இலவசப் பை கொடுப்பார்களே, அந்த மாதிரி. "மருத்துவம் என் வேலை, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். கதவு வரை போனவர் திரும்பி நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 11

இன்று தேவசகாயம் ஓடவில்லை. கணுக்கால் சுளுக்கு என்றார். தைலம் கொடுத்தேன்.

மார்ச் 12

ஒத்திகை. முழு உடையோடு, கலத்தின் மாதிரிக்குள், மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி மணிக்கணக்காகக் கிடக்க வேண்டும். உள்ளே பெரியவர்களுக்கான டயப்பர். பனியன் அதிபரை டயப்பரில் பார்த்தது ஒன்றுதான் இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

நான் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேரின் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் போனதும் தேவசகாயத்தின் துடிப்பு மெல்ல ஏற ஆரம்பித்தது. உடைக்குள் புழுக்கம், எனக்கே வியர்த்தது. திடீரென்று அவினாசியப்பனின் குரல்: "எனக்கு முடியலைங்க, நிறுத்துங்க, மூச்சு முட்டுது!" எல்லாவற்றையும் நிறுத்திக் கதவைத் திறந்து இழுத்தோம். பார்த்தால் மனிதர் சாதாரணமாக இருக்கிறார். துடிப்பு எழுபத்திரண்டு. ஒத்திகை பாதியில் கெட்டது. வரதன் சிரிப்பதைக்கூட மறந்துவிட்டார்.

வெளியே வந்த தேவசகாயத்தின் முகம் வெளிறி, வியர்வையில் நனைந்திருந்தது. நேராகக் கழிப்பறைக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. அவினாசியப்பன் டயப்பரோடு அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். "உங்களால ஒரு வீரரோட பயிற்சி வீணாப்போச்சு, தெரியுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "மன்னிச்சுப்போடுங்க" என்றார்.

இந்த மாதிரி ஆட்களை மேலே ஏற்றுவதற்கு ராக்கெட் எதற்கு, ரங்கராட்டினம் போதும்.

மார்ச் 14

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மதியச் சாப்பாடு. தேவசகாயம் இரண்டு வாய் வைத்தார். எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வாந்தி. முகம் சாம்பல் பூத்துவிட்டது. அந்தக் கட்டுமஸ்தான மனிதர் தரையில் கிடந்து பாம்பு மாதிரி நெளிந்தார். நான் ஓடுவதற்குள் அவினாசியப்பன் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார்.

"கல்லுங்க அம்மணி. சிறுநீரகக் கல்லு. எனக்கு ரெண்டு தடவ வந்திருக்குது, பாத்தாலே தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நாஞ் சொல்லி அவுரு போக முடியாமப் போச்சுன்னா என்ன பேசுவீங்க? காசு குடுத்து வந்தவன் போட்டுக் குடுத்துட்டான்னுதானுங்க பேசுவீங்க. அதுதான் எல்லாத்துக்கும் ஸ்கேன் பண்ணுங்கன்னு சொன்னனுங்க."

ஊசி போட்டு வலியை அடக்கி, ஸ்கேன் எடுத்தேன். ஆறு மில்லிமீட்டர். சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. எடுத்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வலி அடங்கியதும் அவர் படுத்தபடியே பேசினார்.

"பெங்களூர்ல இருந்தப்பவே லேசா உண்டு. கரைஞ்சிரும்னு நெனச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லிட்டா நீங்க டாக்டரு. சொல்லாதது வரைக்கும் நம்ம ஊர்க்காரி." சிரிக்கப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேல இருக்கப் போறது அஞ்சே நாளு டாக்டரம்மா. நாலு ஊசி கட்டிக் குடுங்க. நானே போட்டுக்கிடுவேன். மேல போயி செத்தாலும் எனக்குச் சம்மதம்."

"சாக மாட்டீங்க. இன்னிக்கு உருண்ட மாதிரி உருள்வீங்க. எலேனாவுக்கு ஏதாவது ஆனா கலத்தை இறக்க வேண்டிய ஆள் நீங்க. கூட ரெண்டு உயிர் இருக்கு."

"அதுவா எறங்கிரும், ஓட்ட ஆளே வேண்டாம்னுதான கம்பெனிக்காரன் டிவியில சொல்லுதான்? பொறவு நான் எதுக்கு? நான் எதுக்குப் பதினோரு வருஷம் படிச்சேன்?"

அந்தக் கையை நான்தான் விடுவித்தேன்.

மார்ச் 15

'தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வரதன் சண்டை போடுவார், கெஞ்சுவார், எப்படியாவது சரிக்கட்டச் சொல்லுவார் என்று இரவெல்லாம் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. படித்தார். "ஸோ சாட்" என்றார். கால்மணி நேரத்தில் அறிக்கை தயார்: 'இளைய தலைமுறைக்கு வழிவிட்ட மாவீரர்.' ஷ்ரவண் புன்னகையோடு இருக்கும் படம் அதில் ஏற்கெனவே இருந்தது. எத்தனை நாளாக அந்தப் படம் தயாராக இருந்ததோ.

டெல்லி அதிகாரியைப் போனில் பிடித்துக் கொடுத்தார் வரதன். குழாய் விட்டுக் கல்லை எடுத்து, சில வாரம் கழித்து அனுப்பலாம், தள்ளிவைக்கச் சொல்லுங்கள் என்று நான் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பேசினேன். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. தேவசகாயத்தின் உடையில் இருக்கும் தேசியக் கொடியைப் பிரித்து அந்தப் பையனின் உடையில் தைக்க முடியுமா?

தைக்கலாம் என்றார் வரதன்.

எனக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் கொடி மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்கிற அரசாங்கம். இன்னொரு பக்கம் காசும் மருமகனும் போதும் என்கிற கம்பெனி. நடுவில் ஒரு மனிதன் படுக்கையில் கிடக்கிறான். எச்சில் இலைக்கு அடித்துக்கொள்கிறவர்களுக்குக்கூட இதைவிட வெட்கம் இருக்கும். ஏவுதலை ஏன் தள்ளிவைக்கக் கூடாது என்று வரதனிடம் கத்தியேவிட்டேன்.

"இப்ப எப்படி டாக்டர்? எல்லாம் லாக் ஆயிடுச்சு. அந்த வால்வு மேட்டர் வந்தப்ப சொல்லியிருந்தா ஈஸியா ஏப்ரலுக்குத் தள்ளியிருக்கலாம், சாரும் ட்ரீட்மென்ட் முடிச்சுட்டு ஃப்ரெஷ்ஷா வந்திருப்பார். நீங்கதானே மூணு பேரும் ஃபிட்டுன்னு சொன்னீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 17

ஸ்டெல்லா போன் செய்தார். எடுக்கவில்லை. வேலை இருந்தது.

மார்ச் 21

கிளம்பிவிட்டது. காலை, வெயில் ஏறுவதற்குள். ஒரு குறையும் இல்லாமல், அழகாக.

தேவசகாயம் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. மருந்தில் பார்க்கிறேன் என்றார். கம்பெனி அவரை டிவியில் நேரடி வர்ணனைக்கு உட்கார வைத்தது. மறுத்திருக்கலாம். மறுத்தால் டெல்லியில் முகம் சுளிப்பார்கள், அடுத்த வாய்ப்பு வரும்போது நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று ஒத்துக்கொண்டார். ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில் அவருக்கு நான் வலி ஊசி போட்டேன். ஒப்பனைப் பெண் அவர் நெற்றியில் பவுடர் ஒற்ற, நான் கையில் மருந்தை ஏற்ற, அவர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசினார் பாருங்கள். எந்த நொடியில் எது கழன்று விழும், உள்ளே இருப்பவருக்கு நெஞ்சில் எவ்வளவு கனம் ஏறும், எப்போது சட்டென்று எல்லாம் லேசாகும் என்று, போய் வந்தவர் மாதிரி சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. திரையில் ஷ்ரவண் கொடி தைத்த தோளைக் கேமராவுக்குக் காட்டிக் கையசைத்தான். "நம்ம பையன் ஜம்முன்னு இருக்கான்" என்றார் தேவசகாயம். பக்கத்தில் இருந்த தொகுப்பாளினி கைதட்டினாள்.

மேலே போனதும் அவினாசியப்பன் பனியனைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. காட்டவில்லை. பை தேடிப் பிடிப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்.

நானும் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

மார்ச் 23

மேலே இருப்பவர்களோடு டாக்டர் தினமும் தனியாகப் பேசுவது வழக்கம். அந்த வரியை வேறு யாரும் கேட்கக் கூடாது. ஷ்ரவண் தலைவலி, மூக்கடைப்பு என்று அழாத குறை. எலேனா நலம், இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

அவினாசியப்பனின் முகம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. வாந்தி நின்றுவிட்டதாம். "பூமி தெரியுதுங்க அம்மணி. ஆனா பாக்கப் பாக்க அந்தக் கேப்டன் நெனப்புதானுங்க வருது. அவுரு பாத்திருந்தா எது எந்த ஊருன்னு சொல்லியிருப்பாரு. எனக்கென்ன தெரியுது? கடலும் மேகமும்தானுங்க."

நிறைய தண்ணீர் குடியுங்கள் என்றேன்.

"ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ஒரே ஒரு துடிப்பு தப்புனதுக்கு ரெண்டு நாளு மெஷின் கட்டுனீங்க. அவுரு மூத்திரத்துல ரத்தம் வந்துதுன்னு அவுரே எங்கிட்ட சொன்னாருங்க. அன்னைக்கே அவுருக்கும்..."

தொடர்பு சரியாக இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லித் துண்டித்துவிட்டேன்.

மார்ச் 27

கலம் நேற்று முன்தினம் பத்திரமாகக் கடலில் இறங்கிவிட்டது. ஷ்ரவணுக்கு ஊர்வலம். அவினாசியப்பன் படுக்கையில் இருக்கிறார், இடுப்பு வலி. என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். வேறு டாக்டரை அனுப்பினேன்.

இன்று காலை நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தேவசகாயம் வந்தார். மாத்திரை போடும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"வந்துட்டு டாக்டரம்மா. காலையில தானா."

கிண்ணத்தின் அடியில் பழுப்பாக, முள்ளுமுள்ளாக, ஒரு துளி. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதுக்கா இந்தப் பாடு" என்றார். "லேபுக்கு அனுப்புங்க. எதனால உண்டாச்சுன்னு ரிப்போர்ட் வாங்கி ஃபைல்ல வச்சிட்டா அடுத்த தடவைக்கு ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டாம்லா."

அடுத்த தடவை கிடையாது. இனி இருக்கை வாங்கப்போவதில்லை என்று டெல்லியில் முடிவெடுத்துவிட்டார்கள். கொடி போய்விட்டதே, போதுமாம். வரதன் முந்தாநாளே சொல்லிவிட்டார். தேவசகாயத்துக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அனுப்பறேன் சார்" என்றேன்.

போகாமல் நின்றார். "ஒண்ணு கேக்கட்டா? முதல்லயே தெரிஞ்சிருந்தா, அந்த வால்வு சமயத்துல, எடுத்துட்டுப் போயிருக்க முடியுமா?"

"கஷ்டம்தான் சார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு எனக்கு ஒரு சல்யூட் வைத்தார், விளையாட்டாக இல்லை, நிஜமான சல்யூட். "பதினோரு வருஷத்துல எத்தனையோ டாக்டரப் பாத்தாச்சு. எல்லாவனும் என்னைய எலி மாதிரி குத்திப் பாத்தான். என் வார்த்தைய நம்பினது நீங்க ஒருத்திதான். அதுக்கு ரொம்ப நன்றி டாக்டரம்மா."

எனக்கு என்மேலேயே அருவருப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "பரவாயில்லை சார்" என்றேன்.